யாருடைய பருவம்? – செசோன் பீரும் பெரிய புட்டியும்

1

பிரெஞ்சு மொழியில் செசோன் என்ற சொல்லுக்குப் பருவம் என்று பொருள். பெல்ஜியத்தின் தெற்கே பிரெஞ்சு வழங்கும் வல்லோனியாவில், குறிப்பாக ஹைனோ மாநிலத்தில், ஒரு பீர் வகையும் இப்பெயரால் அறியப்படுகிறது. பீர் என்றதும் நம் நினைவில் எழும் பழுப்புப் புட்டியும் தகரமூடியும் இதற்கு அடையாளமல்ல. கனத்த கண்ணாடியாலான முக்கால் லிட்டர் புட்டி, ஷாம்பெய்னுக்கு இருப்பது போன்ற தக்கை, தக்கையை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பிக்கூடு ஆகிய கோலத்தில்தான் பெயர்பெற்ற செசோன்கள் சுவைஞர்களின் மேசைக்கு வந்து சேர்கின்றன. நான்கைந்து ஆலைகளின் பெரிய புட்டிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து, நிறம், நுரை, மணம், கசப்பு என்று ஒப்பிட்டுக் குறிப்பெழுதும் வழக்கம் இன்று பெல்ஜியத்துக்கு வெளியேயும் பரவியிருக்கிறது.

இத்தகைய குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதையோடு தொடங்குகின்றன. முன்னொரு காலத்தில் ஹைனோவின் பண்ணைகளில் குளிர்காலத்தில் பீர் காய்ச்சி வைப்பார்கள். கோடையில் அறுவடைக்கு வரும் பருவக் கூலிகளுக்குத் தாகம் தீர அதைக் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு ஓர் ஆளுக்குப் பல லிட்டர். அதனால்தான் அந்தப் பீருக்குப் பருவம் என்று பெயர். இக்கதை பல ஆலைகளின் விளம்பரத் தாள்களில் உண்டு. பீர்ப் போட்டி நடுவர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புகளிலும் வெவ்வேறு வடிவங்களில் உண்டு. வியர்வை, வெயில், வைக்கோல் போர், மண்குடுவை என்று படிக்கும்போதே கண்முன் ஓர் ஓவியம் விரிகிறது.

அந்த ஓவியத்துக்கும் மேசைமீது நிற்கும் புட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. செசோன் என்ற பெயரில் உள்ள பருவம் யாருடைய பருவம்? குடித்தவனுடையதா, காய்ச்சியவனுடையதா?

2

முதலில் காய்ச்சியவனின் பக்கத்திலிருந்து பார்ப்போம். பீர் என்பது முளைகட்டிய தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடும் பானம். இதில் மிகவும் இடர் நிறைந்த கட்டம் ஆறவிடுவதுதான். குளிரூட்டும் இயந்திரங்கள் வராத காலத்தில், கொதித்த சாற்றை அகலமான தொட்டிகளில் பரப்பிக் காற்றில் ஆறவைத்தார்கள். கோடையில் அது மெதுவாக ஆறும். அதற்குள் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் குடிபுகுந்து புளிப்பேற்றிவிடும். எனவே ஐரோப்பாவின் பல பகுதிகளில் பீர் காய்ச்சுவது குளிர்காலத் தொழிலாகவே இருந்தது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டின் ஆணை ஒன்று செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று விதித்தது. புளித்துப்போதலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் தம் பீர் ஆய்வு நூலில் 1876இல் விளக்கினார். காரணம் தெரிவதற்கு முன்பே அனுபவம் தெரிந்திருந்தது.

இந்தப் பின்னணியில் 'பருவத்து பீர்' என்ற தொடருக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது. காய்ச்சுவதற்கு உரிய பருவத்தில் காய்ச்சி, மாதக்கணக்கில் இருப்பு வைத்துப் பின்னர் விற்கும் பீர் அது. காய்ச்சிய சில நாட்களிலோ வாரங்களிலோ குடித்துத் தீர்க்கும் இளம் பீருக்கு எதிர்நிலை. பெல்ஜியப் பொறியாளர் லகாம்ப்ர் 1851இல் வெளியிட்ட பீர்த் தொழில் பற்றிய பெருநூல், லியெஜ் நகரின் பீர்களை விவரிக்கிறது. பார்லியோடு ஸ்பெல்ட் எனப்படும் பழைய கோதுமை வகையும் அங்கே பயன்பட்டது. லியெஜ் ஒரு பண்ணையன்று. ஆற்றங்கரைத் தொழில் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செசோன் என்ற பெயரில் பீர் விற்ற இடமாக அந்நகரம் பதிவாகியிருக்கிறது.

டச்சு ஆய்வாளர் ரூல் முல்டர் பழைய நூல்களையும் நாளிதழ் விளம்பரங்களையும் தேடி, பண்ணைக் கூலிகளின் கதைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் போதிய சான்று இல்லை என்றும், அந்நூற்றாண்டின் செசோன் பெரிதும் நகர ஆலைகளின் சரக்கு என்றும் வாதிட்டார். புருசெல்ஸ் நகரில் பீர் ஆலை நடத்தும் இவான் தெ பாட்ஸ், 2004இல் ஃபில் மார்கோவ்ஸ்கி வெளியிட்ட பண்ணை பீர்கள் பற்றிய நூலில் செசோனின் வரலாற்றை எழுதினார். அவர் பண்ணைக் கதையை முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் பழைய செசோன் இன்றையதைப் போன்றதன்று என்று தெளிவுபடுத்தினார். அதன் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மரப்பீப்பாயில் குடியிருந்த காட்டு ஈஸ்ட்களாலும் பாக்டீரியாக்களாலும் அது புளித்தது, அல்லது ஹாப்ஸ் மிகுதியால் கசந்தது என்பது அவர் முடிவு.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் உள்ள திணை, துறை, கொளுக் குறிப்புகளைப் பாடம் நடத்துகையில் நாம் மாணவர்களுக்கு ஒன்று சொல்வதுண்டு. பாட்டு ஒரு காலத்தது, கொளு பிற்காலத்தது. கொளுவை வைத்துப் பாட்டைப் படிக்கலாம், ஆனால் கொளுவே பாட்டன்று. செசோனின் அறுவடைக் கதை அப்படிப்பட்ட ஒரு கொளு. அது முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. ஹைனோவில் பண்ணையோடு சேர்ந்த சிறு பீர் ஆலைகள் உண்மையாகவே இருந்தன. குளிர்காலத்தில் வயலில் வேலை குறைவு. ஆட்களுக்கு ஆலையில் வேலை கிடைத்தது. எஞ்சிய தானியச் சக்கை மாடுகளுக்குத் தீவனமாயிற்று. பண்ணையாட்கள் பீர் குடித்தார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்து, இந்த ஒரு பெயரின் கீழ், இந்த ஒரு சுவைக்குக் காரணமாக நிறுத்தியது பிற்காலத்துக் கை.

3

அந்தக் கை எப்போது நீண்டது? 1900ஐ ஒட்டிப் பெல்ஜியத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. முதல் உலகப்போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியப் படை, ஆலைகளின் செப்புக் கொப்பரைகளைக் கழற்றிக்கொண்டு போயிற்று. பல ஆலைகள் அதன்பிறகு எழவேயில்லை. போருக்குப் பின் எஞ்சியவற்றை பில்ஸ்னர் என்னும் தெளிந்த, குளிர்நொதி பீரின் பேரலை அடித்தது. செசோன் ஊர்ப்புறத்தில் சில ஆலைகளின் பழக்கமாகச் சுருங்கியது.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. சோசலிசத் தலைவர் எமில் வாந்தர்வெல்த் 1919இல் கொண்டுவந்த சட்டம், மதுக்கடைகளில் சாராய வகைகளை ஊற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. தொழிலாளியைச் சாராயத்திலிருந்து மீட்பது அதன் நோக்கம். 1980களின் தொடக்கம் வரை அச்சட்டம் நடப்பில் இருந்தது. சாராயம் போன இடத்தைப் பிடிக்க வலுவான பீர்களுக்குச் சந்தை பிறந்தது. இன்றைய செசோன்கள் 5 முதல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்டவை. அவை இந்தப் பிற்கால உலகத்தைச் சேர்ந்தவை. 6.5 சதவீத பீரை நாளொன்றுக்குப் பல லிட்டர் குடித்துவிட்டு யாரும் அரிவாள் பிடித்திருக்க முடியாது என்பதை உணர ஆவணம்கூட வேண்டியதில்லை.

இன்று உலகம் செசோன் என்று அறிவதன் முன்மாதிரி ஓர் ஆலையிலிருந்து வருகிறது. ஹைனோவின் தூர்ப் என்ற சிற்றூரில் உள்ள துப்போன் ஆலை அது. பண்ணை பதினெட்டாம் நூற்றாண்டினது. பீர் ஆலை 1844இல் தொடங்கியது. 1920இல் ஆல்ஃபிரட் துப்போன் அதை விலைக்கு வாங்கினார். கனடாவுக்குப் போய்க் குடியேறிவிடத் துடித்த மகன் லூயியை ஊரிலேயே இருத்துவதற்காக வாங்கினார் என்பது அக்குடும்பம் சொல்லும் செய்தி. பிறகு ஆலை மருமகன் வழியாக ரோசியே குடும்பத்துக்கும், 2002இல் ஒலிவியே தெதெய்க்கருக்கும் வந்தது. அவர்களும் பில்ஸ்னர் காய்ச்சினார்கள். 1955இல் மொய்னெத் என்ற வலுவான பீரைத் தொடங்கினார்கள். அதுவே நன்கு விற்றது. 1980களில் ஆலையின் உற்பத்தியில் செசோன் சிறு பங்காகிவிட்டது.

அதைத் தேடி வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977இல் உலக பீர்களை வகை வகையாகப் பிரித்து ஒரு வழிகாட்டி நூல் எழுதியவர். 1991இல் பெல்ஜிய பீர்களுக்கென்றே தனிநூல் எழுதினார். இலக்கணம் வகுத்தவுடன் செசோன் ஓர் இனமாயிற்று. 1982இல் தொடங்கிய வான்பெர்க் அண்ட் டெவுல்ஃப் என்ற அமெரிக்க இறக்குமதி நிறுவனம் துப்போனின் செசோனைக் கடல் கடத்தியது. 2005இல் அமெரிக்க இதழான மென்ஸ் ஜர்னல் அதை உலகின் தலைசிறந்த பீர் என்று அறிவித்தது. உள்ளூரில் ஒதுங்கிக் கிடந்த சரக்குக்கு அயலூர் நாவு உயிர் கொடுத்தது. அந்த நாவுக்கு சுவையோடு ஒரு கதையும் தேவைப்பட்டது. கதை கிடைத்தது.

4

கதையை ஒதுக்கிவைத்துவிட்டுப் புட்டியையே ஓர் ஆவணமாகப் படித்துப் பார்க்கலாம். அது சொல்வது வேறு வரலாறு.

துப்போனில் நொதித்தல் நடக்கும் வெப்பநிலை வியப்பூட்டுவது. பில்ஸ்னர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி நொதிக்கும். துப்போனின் ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டி 35 வரை செல்லும் சூட்டில் வேலை செய்கிறது. பெரும்பாலான பீர் ஈஸ்ட்கள் அந்தச் சூட்டில் வேண்டாத நெடிகளைக் கக்கும். இதுவோ மிளகையும் ஆரஞ்சுத் தோலையும் நினைவூட்டும் மணங்களைத் தருகிறது. இந்தப் பீரில் மசாலா எதுவும் சேர்ப்பதில்லை. காரம் முழுவதும் ஈஸ்டின் கொடை. செசோன் ஈஸ்ட்களில் பல, மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்து உண்ணக்கூடியவை. எஸ்.டி.ஏ.1 என்ற மரபணு அதற்குக் காரணம். இனிப்பு ஏறத்தாழ மிஞ்சாததால் நாவில் வறட்சி நிற்கிறது. அடுத்த மிடறு கேட்கிறது.

இப்பண்பே கனத்த புட்டியையும் அவசியமாக்குகிறது. அடைத்த பின்னும் சிறிது சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் உள்ளே இருப்பதால் புட்டிக்குள் இரண்டாம் நொதித்தல் நடக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு பீரிலேயே கரைந்து அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய கண்ணாடி அதற்குத் தாங்காது. துப்போனில் அடைத்த புட்டிகளைச் சுமார் 23 டிகிரி சூடுள்ள அறையில், ஆறு முதல் எட்டு வாரங்கள், நிற்கவைக்காமல் படுக்கவைக்கிறார்கள். நிற்கும் புட்டியில் ஈஸ்ட் அடியில் குவிந்துவிடும். படுத்த புட்டியில் அது நீண்ட பக்கம் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி, பீரோடு அதிகம் உறவாடும். புட்டியின் வடிவமும் கிடையும் சுவையை மாற்றுகின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. ஒரே கொப்பரையில் பிறந்த பீரை 33 சென்டிலிட்டர் சிறு புட்டியிலும் 75 சென்டிலிட்டர் புட்டியிலும் அருகருகே வைத்துச் சுவைத்தவர்களில் பலர், பெரியதில் நுரை மென்மையாகவும் மணம் இசைந்தும் இருப்பதாகச் சொல்கிறார்கள். பச்சைக் கண்ணாடிக்கு ஒரு குறையும் உண்டு. வெளிச்சத்தை அது போதிய அளவு தடுப்பதில்லை. ஒளிபட்ட ஹாப்ஸ் சத்து சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தைப் போன்ற ஒரு நெடியை உண்டாக்கும். கடையின் விளக்கடியில் நின்ற புட்டியும் பெட்டிக்குள் இருந்த புட்டியும் ஒரே ஆலையின் இரு வேறு பீர்களாகிவிடும். ஒப்பிடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது புட்டி எங்கே நின்றது என்பதைத்தான்.

பெரிய புட்டி தன்னுள்ளேயே ஓர் ஒப்பீட்டை வைத்திருக்கிறது. மெதுவாகச் சாய்த்து ஊற்றிய முதல் கிண்ணம் ஓரளவு தெளிவாக, கூர்மையான கசப்போடு இருக்கும். கடைசிக் கிண்ணத்தில் அடியிலுள்ள ஈஸ்ட் கலங்கி வந்து, ரொட்டியின் மணமும் கனமும் சேரும். இடைப்பட்ட நேரத்தில் பீரும் சிறிது சூடேறியிருக்கும். ஒரு புட்டிக்குள் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பீர்கள்.

மற்ற ஆலைகளை இதோடு வைத்துப் பார்த்தால் 'செசோன் இனம்' என்ற கூட்டின் தளர்ச்சி தெரியும். பிப்பே என்ற ஊரில் 1785ஆம் ஆண்டு ஆலை ஒன்றை ழான்-லூயி டிட்ஸ் 1984இல் வாங்கி, பழைய நீராவி எந்திரத்தைக் கொண்டே இயக்கினார். அதனால் அதற்கு வப்பர், அதாவது நீராவி, என்று பெயர். அவருடைய செசோனில் மிளகும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் உண்டு. துப்போனில் ஈஸ்ட் செய்வதை இங்கே அஞ்சறைப் பெட்டி செய்கிறது. பிரெஞ்சு எல்லையோரம் ப்ளோஜியில் பள்ளி ஆசிரியர்களான ஒரு தம்பதி 1988இல் தொடங்கிய ஆலையின் செசோன், ஸ்பெல்ட் தானியம் சேர்ந்தது; சற்றே முரட்டுத்தனமான தானியச் சுவையும் வறட்சியும் கொண்டது. அதே 1988இல் ஆர்டென் மலைப்பகுதியில் டானி ப்ரிஞோன் தொடங்கிய ஃபாந்தோம், 8 சதவீதம். ஸ்ட்ராபெரியை நினைவூட்டும் பழ மணம் உடையது. ஒரு காய்ச்சலுக்கும் மறு காய்ச்சலுக்கும் மாறுவது. சில்லி என்ற ஊரின் செசோனோ செம்பழுப்பு நிறம், மால்ட்டின் இனிப்பு. ஐந்தையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைக்கும் ஒருவருக்கு இவை ஒரு குடும்பம் என்று தோன்ற வாய்ப்பில்லை. இவற்றை இணைப்பது பெயரும் நிலப்பகுதியும் கதையும்தான். பழைய செசோனின் புளிப்பை நாடுவோருக்கு, பீப்பாயில் முதிர்த்துப் பிரெத்தனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் சேர்க்கும் சில அமெரிக்க ஆலைகளின் பீர்கள், வல்லோனியாவின் இன்றைய பீர்களைவிட நெருக்கமாக இருக்கக்கூடும்.

5

இனி குடித்தவனின் பக்கம். ஹைனோ இலக்கிய வாசகர்களுக்கு அயலான நிலமன்று. 1878இன் இறுதியில் வின்சென்ட் வான்கோ சமயப் பணியாளராக வந்து தங்கிய போரினாழ் நிலக்கரிப் பகுதி இம்மாநிலத்தில்தான் இருக்கிறது; ப்ளோஜி அதன் விளிம்பிலுள்ள ஊர். எல்லைக்கு அப்பால், இதே நிலக்கரிப் படுகையின் பிரெஞ்சுப் பகுதியை எமில் ஸோலா 1885இல் நூலாக வெளிவந்த 'ஜெர்மினல்' நாவலுக்குக் களமாக்கினார். அந்நாவலின் திருவிழா அத்தியாயத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு குவளை குவளையாகக் குடிப்பது பீர்தான். அங்கே தக்கையும் கம்பிக்கூடும் இல்லை.

1886 மார்ச்சில் லியெஜில் வெடித்த வேலைநிறுத்தக் கலகம் ஹைனோவுக்குப் பரவியது. படை சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின் வந்த சட்டங்களில் ஒன்று 1887இன் கூலிச் சட்டம். கூலியைப் பணமாகவே தரவேண்டும் என்றும், மதுக்கடையில் வைத்துக் கூலி தரக்கூடாது என்றும் அது விதித்தது. ஒரு வழக்கத்தைச் சட்டம் தடுக்கிறது என்றால், தடுக்கும் அளவுக்கு அவ்வழக்கம் பரவியிருந்தது என்று கொள்ளலாம். கூலிக்குப் பதில் பொருள், பொருளில் ஒரு பகுதி குடி, குடியில் கரையும் கூலி என்ற சுழலை அன்றைய வல்லோனியத் தொழிலாளி நன்கு அறிவான். இன்றைய கதையில் பீர் என்பது பண்ணையாரின் பரிவு. சட்டம் எழுதியவர்களுக்கு அது கூலிக் கணக்கின் ஒரு வரி.

இங்கேதான் அறுவடைக் கதையின் சிக்கல் இருக்கிறது. ஆவணங்களை மட்டும் நம்பினால் பருவக் கூலி செசோனின் வரலாற்றிலிருந்தே மறைந்துவிடுகிறான். ஆலைக் கணக்கும் விளம்பரமும் தொழில்நுட்ப நூலும் காய்ச்சியவரும் விற்றவரும் விட்டுச்சென்றவை. வயலில் நின்று குடித்தவன் சுவைக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. கதை அவனை நினைவில் வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு அது மதிப்புடையது. ஆனால் அது அவனை வெயிலில் சிரித்தபடி குடுவையை உயர்த்தும் உருவமாக மட்டுமே வைத்திருக்கிறது. அவனுடைய கூலியும் பசியும் அடையாளச் சீட்டில் இடம்பெறுவதில்லை.

2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மரபு என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்று கேட்டால், செசோனைப் பொறுத்தவரை விடை ஓரளவு தெளிவு. மாறாமல் வந்த ஒரு பானம் இல்லை. வலிமை மாறியது, புளிப்பு போனது, பீப்பாய் போய்ப் புட்டி வந்தது, நகரத்துச் சரக்கு ஊர்ப்புறத்து அடையாளமாயிற்று. தொடர்ந்து வந்தது சில மனிதர்களின் பிடிவாதம்: விற்காத பீரைக் கைவிடாத தூர்ப் ஊர்க் குடும்பம், மூடவிருந்த ஆலைகளையும் பழைய எந்திரங்களையும் வாங்கி ஓட்டியவர்கள், கடல் கடந்து வந்து கேட்டவர்கள். செசோனைப் பாராட்ட இந்தத் தொண்ணூறு, நூறு ஆண்டுகளின் உண்மைக் கதையே போதும்.

எனவே யாருடைய பருவம் என்ற கேள்விக்கு, பெயரளவில் அது காய்ச்சியவனுடையது என்பதே கிடைத்துள்ள சான்றுகளுக்குப் பொருந்தும் விடை. குளிர்காலமே அப்பெயரில் இருக்கிறது, கோடையன்று. அறுவடையாளனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று தோன்றினால், அந்தக் கடனை அவன் குடித்ததாகச் சொல்லப்படும் பீரில் தேடாமல், 1886இல் அவன் இனத்தவர் தெருவில் இறங்கிக் கேட்டவற்றில் தேடுவதே முறை.